கட்டில் பேசும், கதவு பேசும்

கண்டக்டருக்கு நடை போனது பஸ்ஸால். பேச்சுத்துணை போனது அலுவலகத்தால். முதலாவதற்கு டிரைவர் போட்ட திடீர் பிரேக் காரணம். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது, குறுக்கே நாய் ஓடியது. இரண்டாவதற்கும் யாரையும் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் அலுவலகத்தில் எல்லாரும் நல்லதைத்தான் நினைத்தார்கள். நல்லதை நினைத்துக்கொண்டு ஓர் அலுவலகம் கிளம்பிவிட்டால் அதன் குறுக்கே நாய்கூட ஓடாது.

வேலை போய் வருஷங்கள் ஆகியும் குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் கண்டக்டர்தான். கடைசி சீட்டில் தூங்குகிறவனை முன்படிக்கட்டில் நின்றபடியே எழுப்பிவிடுகிற தொண்டை அவருக்கு. நாள் முழுக்க ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாரோடும் பேசி, திட்டி, சிரித்துப் பழகிய மனுஷன். முதுகெலும்பு உடைந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல், தரைத்தள வீட்டுக்குச் சக்கர நாற்காலியோடு வந்து சேர்ந்தார். மனைவி அதற்கு முன்பே போய்ச்சேர்ந்திருந்தாள். பிள்ளைகள் இல்லை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். சுவரில் ஒரு தண்ணீர்க் குழாய். குழாயோடு எவ்வளவு நேரம்தான் பேச முடியும்.

காலையில் ஆதரவுச் சேவை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வருவாள். அவர் அவளைத் தங்கச்சி என்பார், அவள் அவரை அண்ணா என்பாள். ஆகவே இந்தக் கதையிலும் அவள் தங்கச்சிதான். குளிப்பாட்டுவாள், கால்களை நீட்டி மடக்குவாள், குதிகாலிலும் முதுகிலும் புண் கிளம்பியிருக்கிறதா என்று பார்ப்பாள். எல்லாம் முடிந்ததும் மேஜையில் உட்கார்ந்து மஞ்சள் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுவாள். அங்கேதான் கண்டக்டருக்கு நாள் விடியும்.

ஏனென்றால் அந்தத் தாளில் கேள்விகள் இருந்தன. தூக்கம் எப்படி, பசி எப்படி, மனநிலை எப்படி, நேற்று நடந்த குறிப்பிடத்தக்க நிகழ்வு என்ன. தங்கச்சி ஒவ்வொன்றாகக் கேட்பாள். தூக்கம் எப்படி என்று கேட்டால் கண்டக்டர் கனவிலிருந்து ஆரம்பிப்பார். டிரைவர் இல்லாத பஸ், அதில் எல்லாப் பயணிகளும் சில்லறை கேட்கிறார்கள், பையைத் திறந்தால் பொத்தான்கள். அவள் சிரித்துக்கொண்டே கட்டத்தில் ஒரே ஒரு சொல் எழுதுவாள். பிறகு தன் வீட்டுக்காரர் தொலைந்துபோன கதையையும், அவர் தொலைந்தபிறகு வீட்டில் சாவிகள் தொலைவதில்லை என்பதையும் சொல்வாள். அரை மணி நேரம் அப்படிப் போகும். அதற்குப் பிறகு மறுநாள் காலைவரை அந்த வீட்டில் மனுஷக் குரல் கிடையாது. அவருக்கு உலகத்தில் இருந்த சொத்து அந்த அரை மணி நேரம்தான்.

அதையும் அவரே கொடுத்துவிட்டார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது வெயில் சுடாமல் இருக்க அது உதவும். அலுவலகத்திலிருந்து ஒருங்கிணைப்பாளர் என்ற பதவியில் ஒருவர், கழுத்தில் அட்டையும் கையில் ஒரு பலகைக் கணினியுமாகக் கருத்துக் கேட்க வந்தார். காகித வேலை அதிகமாக இருக்கிறதா என்று கேட்டார். கண்டக்டர் தங்கச்சியின் விரலை நினைத்தார். குளிர் நாட்களில் பேனா பிடிக்க முடியாமல் அவள் விரலை ஊதிக்கொள்வதை நினைத்தார். பாவம் அந்தப் பொண்ணு எழுதியே தேயுது, இந்தக் காகிதத்தை ஒழிச்சா உங்களுக்குப் புண்ணியமாப் போகும் என்றார். ஒருங்கிணைப்பாளர் கண்கலங்காத குறை. கீழேயிருந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

அந்தப் போட்டோ அலுவலகத்தின் எல்லாச் சுவர்களிலும் போஸ்டராக வந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் சிலைபோலத் தெரிந்தார். கீழே கொட்டை எழுத்தில்: 'காகிதத்தை ஒழியுங்கள்: ஒரு பயனாளரின் குரல்.'

போஸ்டர் ஆள் என்பதால் காகித ஒழிப்புத் திட்டத்தின் தொடக்க விழா அவர் வீட்டிலேயே நடந்தது. அலுவலக இயக்குநர் வந்தார். அவர் பின்னால் வந்தவர்கள் உள்ளே நிற்க இடமில்லாமல் குளியலறைக்குள்ளும் நின்றார்கள். கருவி மாட்டுகிறவர் கட்டிலுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று, சக்கர நாற்காலிக்கு, பிரிட்ஜுக்கு, மாத்திரைப் பெட்டிக்கு, கெட்டிலுக்கு, வருகிறவர்கள் உட்காரும் நாற்காலிக்கு என்று பச்சை விளக்கு எரியும் வில்லைகளை ஒட்டினார். ஒவ்வொரு வில்லைக்கும் கண்டக்டர் ஒரு சம்மதப் பத்திரத்தில், பக்கத்துக்குப் பக்கம், கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. காகிதத்தை ஒழிக்கத் தேவைப்பட்ட காகிதத்தைத் தூக்கிப்போக இரண்டு பேர் வேண்டியிருந்தது. எஞ்சியிருந்த மஞ்சள் தாள்களையும், கூடவே அவர் சமையல் மேடையில் விரித்திருந்த பழைய செய்தித்தாளையும் அவர்கள் எடுத்துப் போனார்கள்.

இயக்குநர் பேசினார்.

"இதுவரைக்கும் நம்ம பணியாளர்கள் உங்களைப் பார்க்க வேண்டிய நேரத்துல காகிதத்தைப் பார்த்துட்டு இருந்தாங்க. இனிமே காகிதத்தைப் பார்க்க வேண்டாம். ஏன், உங்களையே பார்க்க வேண்டாம். உங்களைப் பத்தின எல்லாம் தானா எங்களுக்கு வந்துடும். இந்த வீட்ல இனிமே கட்டில் பேசும், கதவு பேசும், கெட்டில்கூடப் பேசும்."

கைதட்டல் அடங்கியதும் கண்டக்டர் ஒரு சந்தேகம் கேட்டார். "எங்கிட்டயா பேசும்?"

இயக்குநர் பாசமாகச் சிரித்தார். "இல்லைங்க. அதுங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

தொந்தரவு இல்லாமல் இருக்கத் தொடங்கியது. அடுத்த வாரமே தங்கச்சியின் வருகையில் அரை மணி நேரம் வெட்டப்பட்டது. கண்டக்டர் போன் செய்து கேட்டதற்கு, எழுதும் வேலை இல்லாததால் அந்த நேரம் மிச்சமாகிவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் வாழ்த்துச் சொன்னார். மிச்சமானது என்னுடையதுதானே, அதை எனக்கே கொடுத்துவிடுங்களேன் என்று இவர் கேட்டார். மிச்சம் பிடித்தது அலுவலகம் என்பதால் மிச்சமும் அலுவலகத்துக்கே சேரும் என்று அவர் விளக்கினார். குறையைச் சொன்னால் குறைத்துவிடுவார்கள் என்று கண்டக்டருக்கு அப்போது புரியவில்லை.

தங்கச்சி சும்மாவாவது உட்கார்ந்து பார்த்தாள். உட்கார்ந்த உடனே நாற்காலியில் ஒட்டிய வில்லை அவள் போனுக்குத் தகவல் சொல்லும். போன் கத்தும்: பணி முடிந்தது, அடுத்த வீட்டுக்குச் செல்லவும். எழுந்தால் நிற்கும், உட்கார்ந்தால் கத்தும். கடைசியில் அவள் கதவருகே செருப்பை மாட்டுகிற நேரத்தைக் கொஞ்சம் நீட்டி, அதற்குள் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவாள். செருப்புக்கு இன்னும் வில்லை வந்திருக்கவில்லை.

இப்படி இருக்கையில் சக்கர நாற்காலியின் டயர் பஞ்சர் ஆனது. பழுது பார்க்கிறவர் வந்து அதை வேனில் ஏற்றிக்கொண்டு போனார். போகிற வழியில் அவருக்கு ஊரெல்லாம் வேலை இருந்தது; நாற்காலியும் கூடவே ஊர் சுற்றியது. அன்று இரவு பட்டறையில் தங்கிவிட்டு மறுநாள் மாலை திரும்பியது. அதுவரை கண்டக்டர் கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு மறுநாள் அவருக்கு அலுவலகத்திலிருந்து பாராட்டுச் செய்தி வந்தது. பயனாளர் நகரம் முழுவதும் சுற்றிவந்தார், வேகம் மிகச் சிறப்பு, வெளியில் நண்பர் வீட்டில் தங்கினார், சமூகத் தொடர்பு வளர்கிறது. எனவே கைகால் பயிற்சி நிறுத்தப்படுகிறது. கண்டக்டர் பதறிப்போய்ப் போன் செய்தார். நான் கட்டிலை விட்டு அசையவே இல்லை என்றார்.

"அதையும் கட்டில் சொல்லிடுச்சுங்க," என்றார் ஒருங்கிணைப்பாளர். "நல்லா ஓய்வும் எடுத்திருக்கீங்க. ரெண்டு கருவியும் தனித்தனியாச் சொல்லி, ரெண்டுமே நல்ல செய்தி. இதைத்தான் நாங்க ஒருங்கிணைப்புன்னு சொல்றோம்."

ஒரே ஆள் ஒரே நேரத்தில் படுத்துக்கொண்டும் ஊர் சுற்றிக்கொண்டும் எப்படி இருக்க முடியும் என்று கண்டக்டர் கேட்டார். அதுதான் திட்டத்தின் வெற்றி என்று பதில் வந்தது.

ஊர் சுற்றுகிறவருக்கு அனுபவமுள்ள ஆள் எதற்கு? தங்கச்சியை வேறு தடத்துக்கு மாற்றினார்கள். பணியாளர்கள் சொந்த நம்பரைப் பயனாளருக்குத் தரக்கூடாது என்று விதி இருந்தது. அவளை எப்படிக் கூப்பிடுவது என்றே அவருக்குத் தெரியவில்லை. பதிலுக்கு நாளுக்கு ஒருவராக யார் யாரோ வந்தார்கள். காதில் ஒரு கருவி, அது சொல்வதைக் கை செய்யும். கண்டக்டர் பேச்சுக் கொடுத்தால் விரலால் காதைத் தொட்டுக் காட்டுவார்கள். முதுகைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் சரி சார், சரி சார் என்றார். கண்டக்டர் சந்தோஷப்பட்டு மேலே சொல்லப் போனார். அந்த சார் காதுக்குள் இருந்த சார்.

நான்கு சுவருக்குள் எல்லாமே பேசிக்கொண்டிருந்தன. பிரிட்ஜ் திறந்தது என்று கதவுக்குத் தெரியும், அவர் புரண்டார் என்று கெட்டிலுக்குத் தெரியும். இரவில் பச்சை விளக்குகள் ஒன்றுக்கொன்று கண்ணடித்துக்கொண்டிருக்கும். கல்யாண வீட்டில் யாரும் கூப்பிடாத விருந்தாளிபோல அவர் நடுவில் கிடந்தார். ஒருநாள் வாய்விட்டே அழுதார். கட்டில் அதை இருமல் என்று பதிந்து, ஒரு மருந்து அனுப்பி வைத்தது.

கடைசியில் அவர் நேராகவே சொல்லிவிட்டார். எனக்கு மருந்தும் வேண்டாம் மாத்திரையும் வேண்டாம், நான் தனியாக இருக்கிறேன், யாராவது வந்து கொஞ்ச நேரம் பேசினால் போதும் என்றார். தனிமை என்ற சொல் கேட்டதும் ஒருங்கிணைப்பாளர் மிகவும் உற்சாகமானார். அதற்கென்றே ஒரு கருவி வந்திருக்கிறது என்றார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக ஒரு பெட்டி வந்து இறங்கியது. தனிமைமானி என்று பெயர். மேஜையில், தங்கச்சி எழுதுகிற இடத்தில் அதை வைத்தார்கள். வீட்டில் பேசுகிற பேச்சைப் பதிந்து எண்ணுவது அதன் வேலை. பேச்சு குறைந்தால் தனிமை, கூடினால் தனிமை இல்லை. தினமும் மாலையில் அது இனிமையான குரலில் கேட்கும்: "நீங்கள் தனிமையாக உணர்கிறீர்களா?"

ஆமாம் என்பார் கண்டக்டர். ஆமாம் என்று ஒரு சொல்லோடு நிறுத்துகிற ஆளா அவர்? எப்படித் தனிமை, எப்போதிலிருந்து தனிமை, சாப்பிடும்போது எப்படி, விழிக்கும்போது எப்படி என்று மனதைத் திறந்து கொட்டினார். பெட்டி, புரிகிறது, மேலும் சொல்லுங்கள் என்றது. சொன்னார். யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டு, ஐயோ பாவம் என்று ஆள் அனுப்புவார் என்ற நம்பிக்கையில் தினமும் விடாமல் சொன்னார்.

மாத முடிவில் அறிக்கை வந்தது. அந்த வட்டாரத்திலேயே மிகக் குறைந்த தனிமை உள்ள பயனாளர் அவர்தான்.

இந்த முறை ஒருங்கிணைப்பாளர் நேரிலேயே வந்தார். இவ்வளவு நல்ல எண்ணிக்கையைப் பார்த்த பிறகும் ஒருவர் புகார் சொல்வது அவருக்கு மன வருத்தமாக இருந்தது. நின்றபடியே பேசினார், உட்கார்ந்தால் வில்லை பதிந்துவிடும்.

"நீங்களே யோசிங்க. தனியா இருக்கேன்னு சொன்னீங்க, சரி. யாருகிட்டயோ சொன்னீங்கதானே? சொன்னா பேச்சு. பேச்சு நடந்தா தனிமை எப்படி வரும்? தனியா இருக்கேன்னு இவ்வளவு நேரம் பேசுற ஒருத்தரை நான் என் சர்வீஸ்லயே பார்த்ததில்லை. உண்மையிலேயே தனியா இருக்கிறவங்க புகார் பண்றதே இல்லைங்க. அந்த வீடுகள்லாம் எவ்வளவு அமைதியா இருக்கு தெரியுமா."

கண்டக்டர் கேட்டார்: "அப்ப நான் என்னதான் செய்யணும்?"

ஒருங்கிணைப்பாளர் குரலைத் தாழ்த்தி விதியைச் சொன்னார். பெட்டி ஒரு முழு வாரம் பேச்சுக் குரலே கேட்காமல் இருந்தால் தனிமை உறுதியாகும். உறுதியானால் உரையாடல் துணை என்று ஓர் ஆளை, தினம் ஒரு மணி நேரம், சும்மா உட்கார்ந்து பேசுவதற்கென்றே ஒதுக்குவார்கள். பணியாளர்கள் வேலை நேரத்தில் பேசுவது வேலையில் சேர்ந்துவிடும், அதற்குப் பயமில்லை. மற்ற எந்தப் பேச்சானாலும், போனில் பேசினாலும், தனக்குத்தானே முனகினாலும், வாரம் முதலிலிருந்து தொடங்கும். பெட்டியை மூடினாலும் அணைத்தாலும் அப்படியே. துணையாகத் தங்கச்சியையே கேட்கலாமா என்று கண்டக்டர் கேட்டார். தாராளமாகக் கேட்கலாம், பழக்கமான பணியாளருக்கே முன்னுரிமை என்றார் அவர்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த அலுவலகத்தில் வாயை மூடின பிள்ளைதான் பிழைக்கும். கண்டக்டர் அன்றே வாயை மூடினார்.

எத்தனை கஷ்டம் என்று பேசத் தெரிந்தவனுக்குத்தான் தெரியும். சூடான கெட்டிலைத் தொட்டுவிட்டு ஐயோ என்று சொல்லாமல் இருக்க வேண்டும். கையிலிருந்த தட்டு விழுந்தால் தட்டைத் திட்டக்கூடாது. முதல் முயற்சி தூக்கத்தில் கெட்டது. கனவில் பஸ் வந்திருக்கிறது. உள்ளே போங்க, உள்ளே போங்க, பின்னாடி இடம் இருக்கு என்று கூவியிருக்கிறார். பெட்டி அதைப் பலரோடு உரையாடல் என்று பதிந்து, அவருடைய நட்பு வட்டம் விரிவடைவதாக அலுவலகத்துக்கும் சொல்லிவிட்டது. இரண்டாவது முயற்சியில் தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தார். பல்வலிக்காரர்போல இருந்தது. காலையில் வந்த காதுக்கருவிக்காரர் துண்டைப் பார்த்தார், கேட்கவில்லை. அவருக்குச் சொல்லப்பட்ட வேலையில் தாடை இல்லை.

ஆனால் அந்த வாரம் அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். எதிர்பார்க்க ஒன்று இருந்தது. தங்கச்சி வந்ததும் முதலில் எதைச் சொல்வது என்று யோசித்துச் சேர்த்து வைத்தார். நாற்காலி தனியாக ஊர் சுற்றிய கதை ஒன்றே ஒரு நாளுக்குப் போதும். அதைச் சொல்கிறபோது அவள் எந்த இடத்தில் சிரிப்பாள் என்றுகூட அவருக்குத் தெரிந்தது. வாரம் ஒருவழியாகக் கடைசி நாளுக்கு வந்தது. அன்று மாலை பெட்டியின் விளக்கு நிறம் மாற வேண்டும்.

அன்று மதியம் கதவு தட்டப்பட்டது. சக்கரத்தைத் தள்ளிக்கொண்டுபோய்த் திறந்தால் தங்கச்சி.

கையில் பை, அலுவலகச் சட்டை இல்லை, சொந்த உடுப்பு. அண்ணா என்று அவள் வாய் திறப்பதற்குள் கண்டக்டர் ஒரு விரலை உதட்டில் வைத்து, மறு கையால் பெட்டியைக் காட்டினார். இப்படிப் பெட்டிகள் உட்கார்ந்திருக்கிற பல வீடுகளுக்குப் போய்வந்தவள் அவள். ஒரு நொடியில் புரிந்துகொண்டாள். சத்தமில்லாமல் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

அவள் உட்கார்ந்தாள். இந்த முறை எந்தப் போனும் கத்தவில்லை. பொத்தானை மாற்றிப் போட்டிருந்த அவர் சட்டையைப் பார்த்துவிட்டு, எழுந்து வந்து சரியாகப் போட்டாள். குனிந்து குதிகாலைப் பார்த்தாள். லேசாகச் சிவந்திருந்த இடத்தை விரலால் காட்டி முறைத்தாள். அவர் நான் என்ன செய்வேன் என்பதுபோலக் கையை விரித்தார். அவள் தண்ணீர் காய்ச்சித் தேநீர் போட்டாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தார்கள். ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் பல மாதங்களுக்குப் பிறகு கண்டக்டருக்கு வீட்டில் ஆள் இருப்பதுபோல இருந்தது.

அவருக்குச் செய்தியை மறைக்க முடியவில்லை. சைகையிலேயே சொன்னார். இன்று மாலை, பெட்டி, விளக்கு. பிறகு நீ. இங்கே. நாற்காலி. தினமும். ஆள்காட்டி விரலால் காற்றில் சக்கரம் சக்கரமாகப் போட்டுக் காட்டினார். அவள் முகத்தில் சிரிப்பு வரும் என்று பார்த்தார். வரவில்லை. அவள் போனை எடுத்துத் தட்டச்சு செய்து, எழுத்தைப் பெரிதாக்கி அவரிடம் நீட்டினாள்.

எங்கள் எல்லாருக்கும் நேரம் மிச்சமாகிப் பாதிப் பேரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், அதில் நானும் ஒருத்தி என்று எழுதியிருந்தது. சாயங்கால பஸ்ஸில் அக்கா ஊருக்குப் போகிறேன், அங்கேதான் இனிமேல், சொல்லிக்கொண்டு போகலாம் என்று வந்தேன்.

கண்டக்டர் அதை மறுபடியும் படித்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார். பெட்டியைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம்தான். சாயங்காலம்வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் ஓர் ஆள் கிடைக்கும். ஒரு வாரம் முழுக்க வாயைக் கட்டிச் சேர்த்தது. ஆனால் எந்த ஆளுக்காகச் சேர்த்தாரோ அந்த ஆள் பையோடு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"எந்த பஸ்?" என்றார்.

குரல் கரகரத்து வந்தது. பெட்டி உடனே விழித்து, உரையாடல் தொடங்கியுள்ளது, வாரம் முதலிலிருந்து எண்ணப்படுகிறது என்று அறிவித்தது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் அண்ணா என்று தங்கச்சி கண்ணைத் துடைத்தாள். அவர் எந்த பஸ் என்று மறுபடி கேட்டார். அவள் சொன்னதும், சக்கரத்துக்கு மேலே உள்ள சீட்டில் உட்காராதே, இடுப்பு போய்விடும் என்றார். வெயில் படாத பக்கம் எது, நடுவில் எங்கே இறங்கலாம், எங்கே இறங்கவே கூடாது என்று எல்லாம் சொன்னார். பிறகு நாற்காலி ஊர் சுற்றிய கதை. அவர் நினைத்த இடத்தில்தான் அவள் சிரித்தாள், ஆனால் சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

"நீ எழுதுறப்ப பேசினோமே, அதுதான் தங்கச்சி எனக்கு நாள்," என்றார். "மத்ததெல்லாம் சும்மா போன பொழுது."

"அந்தத் தாளை எழுத அஞ்சு நிமிஷம் போதும் அண்ணா," என்றாள் அவள். "மீதி நேரமெல்லாம் சும்மா கோடு போட்டுட்டு உக்காந்திருப்பேன். எனக்கும் வீட்டுக்குப் போனா யாரு இருக்கா."

 பஸ்ஸுக்கு நேரமாகும்வரை பேசினார்கள். அவள் போகும்போது செருப்பை மாட்ட வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். அவர் வாசல்வரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தெருமுனை திரும்புகிறவரை பை தெரிந்தது.

மறுநாள் காலை ஒருங்கிணைப்பாளரே போன் செய்தார். அவர் குரலில் ஒரு துள்ளல். நேற்றைய எண்ணிக்கை திட்டம் தொடங்கியதிலிருந்து எந்த வீட்டிலும் வராத எண்ணிக்கை என்றார். இயக்குநரே கேட்டுவிட்டு நெகிழ்ந்துபோனார் என்றார். அடுத்த கூட்டத்தில் அந்தப் பதிவிலிருந்து கொஞ்சம் ஒலிபரப்ப அனுமதி வேண்டும்.

"அந்த அம்மா அழற சத்தம் வர்ற இடத்தை மட்டும் எடுத்துடுவோம். மத்தபடி ரொம்ப அழகா வந்திருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?"

கண்டக்டர் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதமாகப் பதிந்துகொண்டு ஒருங்கிணைப்பாளர் நன்றி சொன்னார்.

அதன்பிறகு கண்டக்டர் பேசவில்லை. வீம்பு ஒன்றும் இல்லை, துண்டும் கட்டவில்லை. யாரிடம் எதைச் சொல்வது என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். கனவில் பஸ் வரவில்லை. மாலையில் பெட்டி தனிமையாக உணர்கிறீர்களா என்று கேட்கும்; அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது கொஞ்சம் காத்திருந்து, நன்றி என்று சொல்லி அடங்கிவிடும். ஒரு வாரம் போனதே அவருக்குத் தெரியாது. ஒருநாள் பெட்டியின் விளக்கு நிறம் மாறி, உங்கள் தனிமை உறுதி செய்யப்பட்டது, வாழ்த்துகள் என்றது.

அடுத்த நாள் கதவு தட்டப்பட்டது. வெளியே நரைத்த தலையோடு ஒருவர், கையில் அலுவலகம் கொடுத்த போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். உரையாடல் துணை என்று சட்டையில் எழுதியிருந்தது. தயங்கித் தயங்கிச் சிரித்தார். அவரும் வெகுநாள் பேச ஆள் இல்லாதவர்போலத்தான் தெரிந்தது. உங்களோட உக்காந்து பேசத்தான் வந்திருக்கேன், எனக்கும் வேற வேலை இல்லை என்றார். கண்டக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.  நம்பலாமா வேண்டாமா என்று மனசு ஊசலாடியது. அப்புறம் மெல்லக் கேட்டார்.

"நாளைக்கும் நீங்கதானே வருவீங்க?"

வந்தவர் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் கையிலிருந்த போன் கத்தியது. அவர் கண்ணைச் சுருக்கி அதைப் படித்தார். உரையாடல் நடந்துவிட்டதாம், தனிமை தீர்ந்துவிட்டதாம், அடுத்த வீட்டுக்குப் போகச் சொல்கிறது என்று, தானே தப்பு செய்துவிட்டவர்போலச் சொன்னார்.

அவர் இன்னும் செருப்பைக் கழற்றியிருக்கவில்லை.